அந்த நண்பனுக்குச் சம்பளம் கொடுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதார மையத்துக்குப் போனால் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு கிடையாது. "அப்புறம் ஏன் அந்த லத்தீன் பையன்கள் போவதில்லை? அக்கறை இல்லை, அவ்வளவுதான்" என்று இங்கே நம் நண்பர்கள் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

யார் அவர்கள்? மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து கோழி ஆலையிலும் புகையிலை வயலிலும் கட்டட வேலையிலும் உழைப்பவர்கள். அண்ணன், மாமா, ஊர்க்காரர் என்று பலர் சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பார்கள். வேலை வாங்கிக் கொடுத்ததும் அதே ஊர்க்காரர்தான். இவனுக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று அங்கே தெரிந்தால் படுக்க இடமும் போகும், வேலையும் போகும். அமெரிக்க மக்கள்தொகையில் லத்தீன் மக்கள் ஏறக்குறைய 19 சதவீதம். 2022இல் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட ஆண்கள்.

நான் முன்பு நர்ஸாக இருந்த கிளினிக் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் ஓர் இளைஞர் தன் அக்கா மகளைக் கூட்டி வந்திருந்தார். பன்னிரண்டு வயது இருக்கும். படிவத்திலிருந்த கேள்விகளை ஊழியர் ஆங்கிலத்தில் கேட்க, அந்தப் பெண் மாமாவிடம் ஸ்பானிஷில் கேட்டாள். சிகரெட் உண்டா, குடி உண்டா என்பதெல்லாம் தடையில்லாமல் போனது. "ஆண்களுடன் உறவு உண்டா" என்ற இடத்தில் குழந்தை விழித்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் தரையைப் பார்த்தபடி "நோ" என்றார். படிவத்தில் ஒரு டிக் விழுந்தது. பரிசோதனை எழுதப்படவே இல்லை. இதில் அவருடைய அக்கறையின்மை எங்கே இருக்கிறது?

வின்ஸ்டன்-சேலத்தில் வேக் ஃபாரஸ்ட் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர் ஸ்காட் ரோட்ஸும் அங்குள்ள லத்தீன் மக்களும் சேர்ந்து செய்ததை இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முதலில் கால்பந்து லீக்கில் தொடங்கினார்கள். ஒவ்வோர் அணியிலும் மற்றவர்கள் நம்பும் ஓர் ஆட்டக்காரருக்கு, கூட ஆடுபவர்களிடம் எச்.ஐ.வி. தடுப்பு பற்றிப் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். அவருக்குப் பெயர் 'நவெகான்தே', வழிகாட்டி. பிறகு தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கென்றே 'ஓலா என் க்ரூபோஸ்' என்ற குழுப் பயிற்சி வந்தது. நான்கு அமர்வுகள், முழுக்க ஸ்பானிஷில். ஆணுறை பற்றி மட்டுமல்ல, கிளினிக்கில் எப்படிக் கேட்பது, ஆம்பளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வளர்த்தார்களே, அது உள்ளே என்ன செய்கிறது என்பது வரை பேசினார்கள். 304 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்குப் பொதுவான உடல்நலப் பாடத்தையும் நடத்தினார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் ஆணுறை தவறாமல் பயன்படுத்துவதும் பரிசோதனை செய்துகொள்வதும் தெளிவாகக் கூடியிருந்தன. முடிவுகள் 2017இல் வெளியாயின.

பலன் தெரிந்த பிறகும் ஏன் இது ஊர் ஊராகப் பரவவில்லை? பணம் ஆராய்ச்சிக்கு வருகிறது, ஆராய்ச்சி முடிந்ததும் நின்றுவிடுகிறது. அரசுப் பணம் போகும் வழியைப் பாருங்கள். ரயன் வைட் என்ற அமெரிக்க அரசுத் திட்டம் குடியுரிமை பார்க்காமல் எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை தருகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் தொற்று வராமல் காக்கும் பிரெப் மாத்திரையை அந்தப் பணத்தில் வாங்கித் தர முடியாது. குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் இல்லை. ஆக, மாத்திரைக்கு வேறு வழி தேட வேண்டும். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம், சமூக கிளினிக் என்று வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆங்கிலம் தெரியாத, வேலையிலிருந்து அரை நாள் விடுப்புகூடக் கிடைக்காத ஒருவர் அதைத் தனியாகக் கண்டுபிடிப்பாரா?

யாரோ ஒருவர் கூடவே போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு "அங்கே பேப்பர் கேட்பார்களா?" என்று வாட்ஸ்அப்பில் வரும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கு இதையெல்லாம் செய்பவர் பெரும்பாலும் ஒரு நண்பர்தான், அதுவும் தன் வேலை முடித்து வந்து, தன் பெட்ரோலில். அவரைத் 'தன்னார்வலர்' என்று பாராட்டிச் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நர்ஸுக்குச் சம்பளம் உண்டு, மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு. இவருக்கும் மாதாமாதம் வர வேண்டும், ஆராய்ச்சி மானியத்திலிருந்து அல்ல, கவுண்டியின் நிரந்தர பட்ஜெட்டிலிருந்து. கவுண்டி ஆணையர்கள் கூட்டத்தில் பட்ஜெட் பற்றி யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். இங்கே இருக்கும் தமிழர்களே, வரும் கூட்டத்துக்கு நான் போகிறேன், கூட வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.