மலை இருந்தால் காற்று தடுக்கப்படுமா?

"அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வசந்தகாலக் காற்று மணல் சூடாவதால் வருவது, மலையடிவாரத்தில் தங்கினால் தப்பிக்கலாம்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி உண்மை என்பதால்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

வெயில் மட்டுமே காரணம் என்றால் ஜூலையில்தான் காற்று உச்சத்தில் இருக்கவேண்டும், ஆனால் மார்ச் முதல் மே வரைதான் அங்கே புழுதி பறக்கிறது. விஷயம் வானத்தில் மேலே இருக்கிறது. குளிர்காலத்தின் ஜெட் காற்றோட்டம் (வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று) இன்னும் வடக்கே விலகியிருக்காது, அதே சமயம் கீழே தரை நன்றாகச் சூடாகத் தொடங்கிவிடும், சூடான காற்று எழும்பிக் கலக்கும்போது உயரத்தில் ஓடும் வேகமான காற்று கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் காலையில் அமைதி, பிற்பகலில் கதவை உடைக்கிற மாதிரி அடி, பெரும்பாலும் இருட்டியதும் அடங்கிவிடும். கோடையில் ஜெட் ஓட்டம் வடக்கே போய்விடும், காற்றும் தணியும்.

சரி, மலை தடுக்குமா? சில இடங்களில் தடுக்கும்தான். ஆனால் மேற்கிலிருந்து வரும் காற்று மலையைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்கும்போது வேகம் கூடலாம், கணவாய்களில் நெருக்கிப் பிழியப்பட்டு இன்னும் சீறும். அடிவாரத்தில் கூடாரம் போட்டவர்களைத்தான் கேட்கவேண்டும்!

அப்புறம், வண்டி ஓட்டும்போது புழுதிப் புயலில் சிக்கினால் விளக்கைப் போட்டபடி சாலையோரம் நிற்கச் சிலர் சொல்வதும் தவறு. வண்டியைச் சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் பாதை என்று நேராக வந்து மோதுவார்.