அட்லாண்டிக் கன்வேயருக்கு ஏன் ஒரு பாதுகாப்பும் தரவில்லை?

ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போர் என்றாலே ஷெஃபீல்டு, பெல்கிரானோ என்று போர்க்கப்பல்களைப் பற்றித்தான் பேச்சு ஓடும். கடலில் பிரிட்டனுக்கு விழுந்த பெரிய அடி எது என்று என்னைக் கேட்டால் ஒரு கண்டெய்னர் கப்பலைத்தான் சொல்வேன். குனார்டு நிறுவனத்தின் அட்லாண்டிக் கன்வேயர்.

ஏப்ரலில் அரசு அதைப் போருக்கென்று எடுத்துக்கொண்டது. டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் அவசர அவசரமாக வேலை நடந்தது. மேல்தளத்தின் இரண்டு பக்கமும் கண்டெய்னர்களைச் சுவர் மாதிரி அடுக்கி, ஹெலிகாப்டரும் ஹாரியர் போர் விமானமும் இறங்க இடம் ஒதுக்கினார்கள். அசென்ஷன் தீவில் ஏற்றிய 14 ஹாரியர்களும் தாக்குதலுக்கு முன்பே விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் பறந்துவிட்டன, அதுவரை புண்ணியம். ஆனால் சினூக், வெசெக்ஸ் ஹெலிகாப்டர்கள், அவற்றின் உதிரி பாகங்கள், ஆயிரக்கணக்கான வீரர்களுக்கான கூடாரங்கள், ஹாரியருக்குத் தரையில் ஓடுதளம் போடும் உலோகத் தகடுகள், கிளஸ்டர் குண்டுகள், எரிபொருள் எல்லாம் கப்பலிலேயே இருந்தன. கல்யாணச் சாமான் மொத்தத்தையும் ஒரே லாரியில் ஏற்றி, அந்த லாரிக்கு பிரேக் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பிய கதை.

ஏனென்றால் இந்தக் கப்பலில் தற்காப்புக் கருவி என்று எதுவுமே இல்லை. துணைக் கப்பலுக்கு ஆயுதம் பொருத்துவது சட்டப்படி சரியா என்று ஓர் இழுபறி. ராடாரை ஏமாற்ற உலோக இழைகளைத் தூவும் கருவிகூட வைக்கவில்லை. அது யாரைச் சுடும், சொல்லுங்கள்?

மே 25, அர்ஜென்டினாவின் தேசிய தினம். அன்று இரவே கப்பல், பிரிட்டிஷ் படை தரையிறங்கிய சான் கார்லோஸ் விரிகுடாவுக்குள் போய்ச் சரக்கை இறக்கியிருக்க வேண்டும். அதற்குள் அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் வந்து இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகளை விட்டன. குறி அம்பஸ்கேட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். அது உலோக இழைகளைத் தூவித் தப்பித்தது. ஏமாந்த ஏவுகணை அடுத்து எதைத் தேடும்? பெரிய உருவம், பாதுகாப்பு எதுவும் இல்லை, சரக்குக் கப்பல்தான் அகப்பட்டது. தீயை அணைக்க முடியவில்லை. கேப்டன் இயன் நார்த் உட்பட 12 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரையே கடலில் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். எரிந்து கருகிய கப்பல் மே 28 அன்று, இழுத்துப் போகும்போது மூழ்கியது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மே 4 அன்றே ஷெஃபீல்டு எக்ஸோசெட்டில் அடிபட்டாகிவிட்டது, அதாவது என்ன வரும் என்று மூன்று வாரம் முன்பே தெரியும், அப்படியிருந்தும் தரைப்படையின் போக்குவரத்தையே சுமந்து வந்த கப்பலை வெறும் சரக்கு மூட்டையாகத்தான் நினைத்திருக்கிறார்கள். விலை மதிப்பில் போர்க்கப்பல் உசத்தியாக இருக்கலாம், அந்த வாரம் தரையில் இருந்த சிப்பாய்க்கு எது உசத்தி?

மூன்று சினூக்குகளும் ஆறு வெசெக்ஸ்களும் போனதால்தான் மரைன்களும் பாராசூட் படையினரும் முதுகில் மூட்டையோடு ஈரச் சதுப்பில் தீவின் தலைநகர் ஸ்டான்லி பக்கமாக ஏறத்தாழ 90 கி.மீ. நடந்தார்கள். அந்த நடையை வீரக்கதையாக இன்றும் சொல்கிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. நடக்க வைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அதே கப்பலில் வந்த 'பிராவோ நவம்பர்' என்ற நான்காவது சினூக். தாக்குதல் நேரத்தில் வானத்தில் இருந்ததால் தப்பியது, போர் முடியும்வரை ஒற்றை ஆளாக உழைத்தது, இப்போது இங்கிலாந்தில் காஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் மற்ற மூன்றும் ஏன் எரிந்தன என்பதையும் அதே பத்தியில் எழுதட்டும்.