ஏர் டெக்கானை மூடியது ஒரு ரூபாய் டிக்கெட் அல்ல

"ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றே ஏர் டெக்கான் திவாலாகி மூடப்பட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேப்டன் கோபிநாத் தொடங்கிய அந்த மலிவுக் கட்டண விமான நிறுவனத்துக்கு அப்படி நடக்கவில்லை.

ஒரு ரூபாய் இருக்கை விமானத்துக்குச் சிலதான், அதுவும் முந்தியவருக்கு மட்டும். வரி தனி. மற்றவர்கள் கூடுதல் கட்டணம்தான் கொடுத்தார்கள். நிறுவனம் நஷ்டத்தில் ஓடியது உண்மை, ஆனால் திவாலாகவில்லை. 2007இல் விஜய் மல்லையாவின் யூபி குழுமம் முதலில் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

நஷ்டத்தில் ஓடுவதை ஏன் வாங்கினார்? அன்றைய விதிப்படி வெளிநாடு பறக்க 5 ஆண்டு உள்நாட்டுச் சேவையும் 20 விமானங்களும் வேண்டும். மல்லையாவின் சொந்த விமான நிறுவனமான கிங்பிஷர் பறக்கத் தொடங்கியது 2005இல். டெக்கானோ 2003 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. அதனால் இணைப்பில் ஒரு வேடிக்கை: காகிதத்தில் கிங்பிஷர்தான், ஏர் டெக்கானை நடத்திய டெக்கான் ஏவியேஷனுக்குள் கரைந்தது, அப்புறம் அந்தக் கம்பெனிக்கே கிங்பிஷர் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். டெக்கானின் 5 ஆண்டு நிறைந்த கையோடு, 2008 செப்டம்பரில் பெங்களூரு–லண்டன் விமானம் கிளம்பியது.

ஏர் டெக்கானின் மலிவுச் சேவை 'கிங்பிஷர் ரெட்' ஆனது. அதை நிறுத்தப்போவதாக 2011இல் அறிவித்தார்கள். 2012 அக்டோபரில் எல்லா விமானங்களும் தரையில் நின்றன. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட 2008இலிருந்தே கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம்கூட லாபம் பார்க்காத கிங்பிஷரை விட்டுவிட்டு, பழியைக் கோபிநாத் தலையில் கட்டுவது நியாயமில்லை.