மீன் மார்க்கெட் பக்கம் போகாத செய்முறைகள்

நல்ல சமையல் தளம் ஏதாவது சொல்லுங்கள் என்று இன்பாக்ஸில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம். ‘ஒரு கப் அரிசி’ என்று எழுதிவிட்டு, அந்தக் கப் எவ்வளவு என்று சொல்லாத தளம் எனக்கு வேண்டாம். எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான். செய்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 240, 250 மில்லி கப்பில் அளக்கிறார்கள். தண்ணீரையும் அதே கப்பில் அளந்தால் சோறு தப்பித்துவிடும். ஸ்பூன் கணக்கில் போடுகிற உப்பும் மிளகாய்த்தூளும் தப்பிக்காது.

ராக்ஸ் கிச்சன் இந்த விஷயத்தில் ஒழுங்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் இருக்கும். பலகாரம் செய்யும்போது பாகு, மாவுப் பதமெல்லாம் எழுத்தில் பிடிபடாது, பார்த்தால்தான் புரியும். கண்ணம்மா குக்ஸ் எனக்கு அதைவிடப் பிடிக்கும். கொங்குச் சமையலை அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல்லை வைத்தே பள்ளிபாளையம் சிக்கன் செய்வதைப் பார்த்த பிறகு, கரம் மசாலா டப்பாவை எடுப்பதே குறைந்துவிட்டது. வில்லேஜ் குக்கிங் சேனலை நானும் விடாமல் பார்க்கிறேன். ஆனால் அது பார்ப்பதற்கு. அந்த அண்டாக் கணக்கை நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு வகுக்க என்னால் ஆகாது.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

வடசென்னை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தெரிவது அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு, எனக்கும் உயிர். பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று, நூடுல்ஸில் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பதை வாங்கித் தின்றுவிட்டு, ‘வேற லெவல்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வீட்டுக்குள்ளே என்ன கொதிக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மீன் குழம்பு என்று தேடினால் முக்கால்வாசி வஞ்சிரம்தான். தினமும் வஞ்சிரம் வாங்க நாங்கள் என்ன கப்பல் கம்பெனியா நடத்துகிறோம்? கவளை, காரப்பொடி, சங்கரா, இவைதான் வாரநாள் மீன். ஒரு தளத்தில் காரப்பொடியைக் குழம்பில் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிடச் சொல்லியிருந்தது. இருபது நிமிடத்தில் சட்டியில் முள்தான் மிஞ்சும். எங்கள் பக்கம் புளிக்கரைசல் கொதித்துக் கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகுதான் மீன் இறங்கும். அப்புறம் கரண்டிக்கு வேலை இல்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய மீன் விலை எகிறிவிடும். அந்த நாட்களில் நாட்டுப் படகில் வருகிற சின்ன மீனும், கருவாடும் மாங்காயும்தான் எங்கள் குழம்பு. எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று சொல்லுகிற ஒரு மீன் செய்முறை இன்னும் என் கண்ணில் படவில்லை.

மாட்டுக்கறி கதை இதைவிட மோசம். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். தமிழ்த் தளங்களில் தேடினால் கைக்கு ஒன்றும் சிக்குவதில்லை. அதற்கு மட்டும் நான் கேரளத்துக்காரர்களிடம் போகிறேன். மரியாஸ் மெனு நல்ல தளம், ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். தேங்காய்க்கொத்து அவர்கள் ருசி, நான் போடுவதில்லை. மிளகை மட்டும் அவர்கள் சொல்வதைவிட ஒரு ஸ்பூன் கூடப் போடுங்கள்.