மங்கலான படம் போதும்

ஸ்கேன் மெஷின் சர்வீஸ் பார்ப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் பெரும்பாலும் எங்கோ ஓர் ஊரில் எம்.ஆர்.ஐ.யின் சில்லர், அதாவது குளிரூட்டும் இயந்திரம், நின்றுபோயிருக்கும். காந்தத்தை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பது திரவ ஹீலியம். நோயாளி ஒருவர்கூட வராத நாளிலும் அந்தக் குளிருக்காகக் கரண்ட் ஓடியே ஆகவேண்டும். அறைக்குச் செம்புத் தகடு போர்த்தவேண்டும், நாலைந்து டன் எடையைத் தரை தாங்கவேண்டும். விலை கோடிகளில். தாலுகா ஊரில் பத்துப் படுக்கை வைத்திருக்கும் டாக்டர் இதற்கு எங்கே போவார்?

சின்னதாக ஒன்று செய்யலாமே என்றால் எங்கள் துறையில் உடனே வரும் பதில், "படம் மங்கலா இருக்கும் சார்."

இருக்கட்டுமே. எதைப் பார்ப்பதற்கு மங்கல் என்று யாரும் கேட்பதில்லை.

உகாண்டாவில் ம்பராரா என்று ஓர் ஊர். குழந்தைகளின் தலையில் நீர் கோத்து மண்டை வீங்கும் நோய் அந்நாட்டில் அதிகம். அறுவை செய்யும் டாக்டருக்கு வேண்டியது நீர் எங்கே, எவ்வளவு, போன தடவையைவிடக் குறைந்ததா என்பதுதான். சி.டி.யில் தெரியும். ஆனால் பால்குடிக்கும் குழந்தையை எத்தனை முறை எக்ஸ்ரே கதிரில் காட்டுவது? 2022-ல் நெதர்லாந்தின் லெய்டன் குழுவும் ம்பராரா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நிலைக்காந்தங்களை வளையமாக அடுக்கி, இரண்டு வாரத்துக்குள் அங்கேயே ஒரு எம்.ஆர்.ஐ.யைக் கோத்து முடித்தார்கள். ஹீலியம் கிடையாது. காந்தபலம் நம் ஊர் 1.5 டெஸ்லா மெஷினில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூளை எது, நீர் எது என்று பிரித்துப் பார்க்க அது போதும்.

முழங்கால் ஜவ்வுக் கிழிசலை இதில் தேடக்கூடாது, அது சரி. ஏழைக்கு மட்டமான மெஷினா என்று ஒரு ரேடியாலஜிஸ்ட் என்னிடம் கோபப்பட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் சொல்லும் நல்ல மெஷின் அந்தக் கிளினிக்குக்கு வரப்போவதே இல்லையே. 2024-ல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் இதே 0.05 டெஸ்லா அளவில், செம்பு அறை இல்லாமல், சாதாரண ப்ளக்கில் செருகி, தலை முதல் கால் வரை படம் எடுத்துக் காட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து புகுந்து படத்தைக் கெடுக்கும் மின்காந்த இரைச்சலைக் கம்ப்யூட்டர் கழித்துவிடுகிறது.

எனக்கு ம்பராராவில் பிடித்தது வேறு. தங்கள் கையால் பூட்டியவர்களுக்கு எந்த ஸ்க்ரூ எங்கே என்று தெரியும். இங்கே ஒரு போர்டு போனால் ஏ.எம்.சி. என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தும் மூன்று வாரம் துணி போர்த்திக் கிடந்த மெஷினை நான் பார்த்திருக்கிறேன்.

லெய்டன்காரர்களின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினேன். படம் எப்படி வரும் என்று அவர் கேட்கவே இல்லை. "வளையம் ஒரு வாரத்துல கடைஞ்சு தர்றேன். காந்தம் எங்க வாங்குவீங்க?" என்றார்.

சீனாவிலிருந்துதான் என்றேன். டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.