விளக்கெண்ணெய்க்கு டைபாய்டு போகாது

"டைபாய்டு கிருமி குடலில்தான் ஒட்டியிருக்கும், விளக்கெண்ணெய் குடித்துப் பேதியானால் கழுவிக்கொண்டு போய்விடும்." காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. தவறு.

டைபாய்டைத் தரும் சால்மோனெல்லா டைஃபி வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி அல்ல. அதன் மேல் ஊசி போன்ற நுண்குழாய்கள் உண்டு. சால்மோனெல்லாவின் அந்த ஊசியை 1998-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டினார்கள். அதன் வழியாகத் தன் புரதங்களைக் குடல் செல்லுக்குள் நேராகச் செலுத்துகிறது. செல்லின் சவ்வு அலையலையாகப் புடைத்து, கிருமியைத் தானே அள்ளி உள்ளே இழுத்துக்கொள்கிறது. வளவு வீட்டுக் கதவை வீட்டுக்காரரையே திறக்கவைத்து நுழைந்த கதைதான்! உள்ளே ஒரு பைக்குள் இருந்தபடி, வேறொரு ஊசித் தொகுதியால் மறுபடியும் புரதங்களை அனுப்பும். செல்லின் செரிமான நொதிகள் தன்னைத் தாக்காமல் பார்த்துக்கொள்ள. கொல்ல வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே இப்படித் தங்கி, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். விளக்கெண்ணெய் எங்கே போய்க் கழுவ?

போதாததற்கு, டைபாய்டில் குடலில் புண் வரும், ஓட்டைகூட விழலாம். அப்போது பேதிக்குக் கொடுப்பது ஆபத்து. ஆச்சி அன்போடு நீட்டினாலும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் எழுதும் ஆன்டிபயாடிக்கைச் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.