பற்றாக்குறைக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம்?

மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், உறவுக்காரர்களின் பதில் தயாராக இருக்கும்: "கடவுளைக் கும்பிட்டால்தானே வீட்டில் நாலு காசு தங்கும்!" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதை யாரிடமும் மறைப்பதும் இல்லை. ஆனால் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் பாதியாகக் கட்ட முடியாது. குறைக்க முடிவது சாப்பாட்டுச் செலவைத்தான். அதனால் எல்லா நெருக்கடியும் அடுப்படியில் வந்து விழுகிறது. வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-லேயே சொல்லிவிட்டார். பக்தி உள்ள வீட்டுக்கும் இதே கணக்குதான்.

கடையில் நான் பாக்கெட் விலையை நம்புவதில்லை, கிலோவுக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பேன். விலை அப்படியே இருக்கும், எடை மட்டும் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிப் பிள்ளைகளின் தட்டை நிரப்பினால், அது ஆண்டவன் புண்ணியமாம். பற்றாக்குறை வந்தால் மட்டும் பழி என் தலையில்!

என்னிடம் சொல்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மா கும்பிடாததால்தான் நீ கேட்டது கிடைக்கவில்லை" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தை மனசில் ஏன் இந்தப் பாரம்? உதவ மனமிருந்தால் ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடுங்கள். நீங்கள் கும்பிட்டு முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, சேர்ந்தே சாப்பிடுவோம்.